தலைமையாசிரியர் மாவட்டக் கல்வி அலுவலராகும்போது: படித்து வைக்க வேண்டியவை

மாவட்டக் கல்வி அலுவலர் பதவிக்கு இரண்டு வழிகளில் வரலாம். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1-சி எழுதி, முதல்நிலை, முதன்மை, நேர்காணல் தாண்டி நேரடியாக வருவது ஒன்று. தலைமையாசிரியராக இருந்து பதவி உயர்வில் வருவது மற்றொன்று. நான் இரண்டாம் வழியில் வந்தவன். முன்னுரிமைப் பட்டியலில் பெயர் வரும்வரை காத்திருந்தால் போதும் என்று நம் ஆட்கள் பலர் நினைக்கிறார்கள். அந்தக் காத்திருக்கும் ஆண்டுகளில் என்ன படித்தார்கள் என்பது பொறுப்பேற்ற முதல் வாரமே தெரிந்துவிடும்.

அரசு ஊழியர்கள் பதவி உயர்வுக்காக எழுதும் துறைத் தேர்வுகள் மே, டிசம்பர் என ஆண்டுக்கு இருமுறை நடக்கின்றன. புத்தகம் பார்த்து எழுதும் தாள்களில் எந்த விதி எந்தப் பக்கம் என்று மட்டும் மனப்பாடம் செய்து தேறியவர்கள் நிறையப் பேர். தேர்ச்சிக்கு அது போதும், கோப்புக்குப் போதாது.

ஒழுங்கு நடவடிக்கையைப் பாருங்கள். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கான ஒழுங்கு, மேல்முறையீட்டு விதிகளில் 17(அ) என்றால் குற்றச்சாட்டைத் தெரிவித்து, விளக்கம் பெற்று, சிறு தண்டனையோடு முடியலாம். 17(ஆ) அப்படியில்லை. குற்றச்சாட்டுக் குறிப்பாணை, எழுத்து விளக்கம், விசாரணை அலுவலர் நியமனம், விசாரணை, அவருடைய அறிக்கையின் நகலைச் சம்பந்தப்பட்டவருக்குக் கொடுத்து மேல்விளக்கம் கேட்பது, அதன் பிறகே ஆணை. இதில் ஒரு படியைத் தாண்டினாலும், தவறு செய்தவரே உயர் நீதிமன்றத்துக்குப் போய் ஆணையை ரத்து செய்துகொண்டு வந்துவிடுவார். அந்த வழக்கு நடக்கும்போது எதிர்வாதவுரைக்காக, அதாவது அரசுத் தரப்பின் பதிலுக்காக, மனுவின் ஒவ்வொரு பத்திக்கும் பதில் எழுதி அனுப்பும் வேலை நம் தலையில் விழும். பள்ளியில் இருக்கும்போதே, ஒரு விதியைப் படித்தால் அது தொடர்பான பழைய கோப்பு ஒன்றைத் தேடி எடுத்து, முதல் தாளிலிருந்து கடைசி ஆணைவரை வாசித்துப் பாருங்கள். வழிகாட்டி நூல்களால் தர முடியாத பாடம் அது.

2022-இல் வந்த அரசாணை 151, தொடக்கக் கல்வி, இடைநிலைக் கல்வி, தனியார் பள்ளிகள் என மாவட்டக் கல்வி அலுவலர் பணிகளைப் பிரித்தது. உயர்நிலைப் பள்ளி அனுபவத்தோடு தொடக்கக் கல்விப் பிரிவுக்குப் போக நேரலாம். அந்தப் பக்கத்து ஆணைகளையும் புரட்டி வைப்பது நல்லது.

ஆண்டாய்வில் மட்டும் தலைமையாசிரியர் அனுபவம் நேராகக் கைகொடுக்கும். அதிகாரி வரும் நாளில் சுவரில் புதுப் படங்கள் எப்படி முளைக்கும் என்பது நமக்குத் தெரியாததா? படங்களை விட்டுவிட்டு, நடுவரிசை மாணவன் ஒருவனின் கணக்கு நோட்டை வாங்குங்கள். ஆசிரியர் திருத்திய கடைசித் தேதி எது, பிழைக்குப் பக்கத்தில் சரியான விடை எழுதப்பட்டிருக்கிறதா, அல்லது எல்லாப் பக்கத்திலும் ஒரே மையில் ஒரே நாளில் போட்ட கையெழுத்தா என்று பார்த்தால் பாதி ஆய்வு முடிந்தது.

அலுவலகத்தில் ஒவ்வொரு ஊழியரும் தம்மிடம் வரும் தபால்களைப் பதியும் தன்பதிவேட்டை எப்படிச் சரிபார்ப்பது, எந்தக் கோப்பை மூன்றாண்டு மட்டும் வைத்திருப்பது, எதை நிரந்தரமாக வைப்பது என்பதைக் கண்காணிப்பாளரிடம் கேட்கத் தயங்க வேண்டாம். அவருடைய ஓய்வு நாளையும் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். கேட்க வேண்டியதையெல்லாம் அதற்குள் கேட்டாக வேண்டும்.