பதினைந்தாவது வளைவில் மூன்று நாள்

2009இல் ஃபார்முலா 1 கார் பந்தயம் பார்க்க மாமா என்னை மலேசியாவின் செப்பாங் சர்க்யூட்டுக்குக் கூட்டிப்போனார். புல் சரிவில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். மழை கொட்டியது. பந்தயத்தை நிறுத்தினார்கள், பிறகு ஆரம்பிக்கவே இல்லை. 56 சுற்றுப் பந்தயம், 31 சுற்றோடு கணக்கை முடித்துப் பாதிப் புள்ளி கொடுத்தார்கள். எனக்கு அன்று மனதில் ஒட்டிக்கொண்டது வண்டிகள் அல்ல. எதிரே தடுப்புக்குப் பின்னால் ஒருவர் கொடியோடு மழையிலேயே நின்றுகொண்டிருந்தார். அவருக்கு ஒதுங்க இடம் இல்லையா என்று மாமாவை நச்சரித்துக்கொண்டே இருந்தேன்.

போன வருடம் அந்த வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பந்திங்கில் செம்பனை ஆலையில் வேலை, ஞாயிறு மட்டும் விடுமுறை. மார்ஷல் வேலைக்கு, அதாவது பாதையோரம் நின்று கொடி காட்டி ஓட்டுபவர்களை எச்சரிக்கும் வேலைக்கு, வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் வேண்டும். இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்தபோது எங்கள் மேற்பார்வையாளர் மண்டோர் கேட்டார்: "கல்யாணமா?" கார் பந்தயம் என்றேன். "நீ ஓட்டப் போறியா?" இல்லை, கொடி ஆட்டப் போகிறேன் என்றதும் அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார், பரிதாபப்பட்டு என்று நினைக்கிறேன்.

அதற்கு முன்பு ஒருநாள் வகுப்பு. தீயணைப்பான், வாக்கி டாக்கி, அப்புறம் கொடிகள். மஞ்சள் ஒன்று ஆடினால் ஓரத்தில் ஆபத்து, வேகத்தைக் குறை, முந்தாதே. இரண்டு மஞ்சள் ஆடினால் பாதையே அடைபட்டிருக்கலாம் அல்லது ஆட்கள் இறங்கி வேலை செய்யலாம், நிற்கவும் தயாராக இரு. பச்சை என்றால் ஆபத்து தாண்டியாச்சு. நீலம் பின்னால் வேகமான வண்டி. பந்தயத்தை நிறுத்தும் சிவப்பை மட்டும், மொத்தப் பந்தயத்தையும் நடத்தும் ரேஸ் கண்ட்ரோல் சொல்லாமல் தொடக்கூடாது, மஞ்சளுக்கு யாரையும் கேட்க வேண்டாம். கொடி குறைந்தது 60க்கு 80 சென்டிமீட்டர். சிறியதுதானே என்று நினைத்தேன். மழையில் நனைந்து கம்பில் சுற்றிக்கொள்ளும்போதுதான் தெரியும் அதன் கனம். எட்டுப் போட்டு வீசினால் சுற்றாது. இதை வகுப்பில் சொல்லவில்லை, பக்கத்தில் நின்றவர் சொல்லிக்கொடுத்தார்.

வெள்ளி விடியற்காலை மோட்டார் சைக்கிளில் கிளம்பினேன். விமான நிலையத்தைச் சுற்றிக்கொண்டு போகும் வழியெல்லாம் இரண்டு பக்கமும் செம்பனை. சர்க்யூட் இருக்கும் இடமும் முன்பு அப்படித்தான் இருந்தது என்பார் அப்பா. எனக்குக் கிடைத்தது கடைசி வளைவு, பதினைந்தாவது. நீண்ட நேர்பாதையில் 200 கிலோமீட்டருக்கு மேல் வந்து, பிரேக்கை மிதித்து, இடதுபுறம் கொண்டையூசி போலத் திரும்ப வேண்டும். முந்த நினைப்பவர்கள் எல்லாரும் அங்கேதான் முட்டிக்கொள்வார்கள். அதுவும் இது இளம் ஓட்டுநர்கள் தொடங்கும் ஃபார்முலா 4. 15 வயதானால் ஓட்டலாம். நம் நாட்டில் கார் லைசென்ஸுக்கே 17 ஆக வேண்டும்!

கொடி பிடிப்பவர்கள் இரண்டு பேர், ஆளுக்கு ஒரு திசை. நீலக்கொடிக்காரர் வரும் வண்டிகளைப் பார்ப்பார். மஞ்சள் பிடித்த நான் வண்டிகள் போகும் பக்கம் பார்க்க வேண்டும். பின்னால் அலறிக்கொண்டு வருவதைத் திரும்பிப் பார்க்கவே கூடாது, அது அவர் பொறுப்பு. முதல் ஒரு மணி நேரம் என் கழுத்து தானாகத் திரும்பியது.

அன்றைய பயிற்சி ஓட்டத்தில் ஒரு வண்டி சரளைக்குள் வழுக்கிப் போனது. மஞ்சளை ஆட்டினேன். வண்டி தானாகவே வெளியேறி ஓடிவிட்டது. நான் அதையே வாய் பிளந்து பார்த்தபடி கொடியை ஆட்டிக்கொண்டே இருக்கிறேன். "வண்டி போயிடுச்சு தம்பி, இறக்கு!" என்று எங்கள் வளைவுக்குப் பொறுப்பான போஸ்ட் சீஃப் அண்ணன் கத்தினார். பிற்பாடு தேநீர் குடிக்கும்போது பொறுமையாகச் சொன்னார்: சும்மா ஆடும் மஞ்சளைப் பார்த்துப் பழகிய பையன் நிஜ மஞ்சளையும் நம்பமாட்டான். அன்றிரவு அதை நினைத்துச் சரியாகத் தூங்கவில்லை.

சனிக்கிழமை பந்தயம் பிற்பகல். செப்பாங்கில் பிற்பகல் என்றால் மழைதான். மூன்றாவது சுற்றில் ஒரு வண்டி என் கண் முன்னாலேயே சுழன்று, பாதை நடுவில் எதிர்ப்பக்கம் பார்த்து நின்றது. இரண்டு மஞ்சள். வீச்சு எப்போது ஆரம்பித்தது என்று எனக்கே தெரியாது. வண்டிகளை மெதுவாக அழைத்துப்போகும் சேஃப்டி கார் வந்து, மற்ற வண்டிகள் அதன் பின்னால் சேர்ந்த பிறகு, அண்ணன் கை காட்டியதும்தான் மூன்று பேர் உள்ளே ஓடினார்கள். அவர் சொல்லாமல் ஒரு கால்கூடப் பாதையில் படக்கூடாது.

பையன் அதற்குள் இறங்கி நின்றிருந்தான். இந்த வண்டிகளில் ஸ்டீரிங்கைக் கழற்றினால்தான் வெளியே வர முடியும். வந்ததும் மறுபடி மாட்டிவிட்டுப் போக வேண்டும், இல்லையென்றால் தள்ளும்போது சக்கரத்தைத் திருப்ப வழியில்லை. இவன் பதற்றத்தில் ஸ்டீரிங்கைக் கையிலேயே பிடித்துக்கொண்டு தடுப்புக்கு அந்தப் பக்கம் ஏறிக் குதித்துவிட்டான். ஒருவர் ஓடிவந்து அதைப் பிடுங்கிக்கொண்டு போய் மாட்டிய பிறகுதான் வண்டி நகர்ந்தது. அவன் என் பக்கத்தில் வந்து ஹெல்மெட்டைக் கழற்றினான். பல்லில் கம்பி. "சாரி அங்கிள்" என்றான். எனக்கு 26 வயது. கொடியை இறக்க முடியாததால் முறைக்கக்கூட முடியவில்லை.

வீட்டுக்குப் போனதும் யார் ஜெயித்தது என்று அப்பா கேட்டார். தெரியவில்லை என்றேன். மூன்று நாளும் அதே பதில்தான். நம்பமாட்டேன் என்கிறார், நாள் முழுக்க அங்கே இருந்துவிட்டு இது தெரியாதா என்று. என் கண்ணில் பட்டதெல்லாம் அந்த ஒரு வளைவு.

ஞாயிறு இரண்டு பந்தயம், வெயில், கையெல்லாம் கருத்ததைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை. போகிறவர்கள் வெறும் தொப்பியை நம்பாமல் முழுக்கைச் சட்டையும் மாற்றுக் காலுறையும் எடுத்துப் போங்கள். மாலையில் கொடிகளை எண்ணித் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு மஞ்சள் குறைந்தது. புதரெல்லாம் தேடினோம், கிடைக்கவில்லை. அண்ணன் முகம் வாடிப்போனது.

திங்கட்கிழமை காலை ஆலைக்குக் கிளம்பும்போது வீட்டின் பின்பக்கம் பார்த்தேன். என் ஈர உடுப்புகளை மூட்டையாக அம்மாவிடம் போட்டிருந்தேன். அவர் எல்லாவற்றையும் துவைத்து, சாரோங்குக்கும் என் பனியனுக்கும் நடுவில், கொடியைக் கொடியில் காயப்போட்டிருந்தார்.

"நல்ல துணிப்பா, கரித்துணிக்கு ஆகும்" என்றார். நான் அண்ணனுக்குப் போன் போட்டேன்.