நல்லாத்தான் இருக்குது

வீட்டிலேயே பாட்டு மிக்ஸிங் பழகும் பையன்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணா, வாய்ஸுக்கு எந்தக் கம்ப்ரெஸர் போடறீங்க?" என்றுதான். குரலில் உரத்த இடங்களை அமுக்கி ஏற்ற இறக்கத்தைக் குறைப்பதுதான் கம்ப்ரெஸர். போன ஆடி வரைக்கும் யோசிக்காமல், அதில் ஒரு மாடலான 1176 என்பேன். இப்போதும் வாயில் முதலில் வருவது அதுதான். ஆனால் சொன்ன மறுநொடியே அந்த ஆயாவின் குரல் காதில் விழுகிறது. "அங்க நான் மெதுவாத்தானே கண்ணு பாடுனேன்?"

அவர் பாடியது அம்மன் பாட்டு. தன் அம்மாவிடம் கேட்டுக் கேட்டு மனதில் ஏறியது, எழுத்தில் எங்கேயும் இல்லை. பேரன் அழைத்து வந்திருந்தான். தெருக் கோயில் திருவிழாவுக்குப் போட வேண்டும், சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும் என்றான். சேலம் அம்மாபேட்டையில் தறிச் சத்தம் இல்லாத நேரம் பார்த்து ரெக்கார்டிங் வைப்பது என்ன பாடு என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். மாதாந்திர பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளுக்காகக் காத்திருப்பேன். லேப்டாப் பேட்டரியிலேயே, மைக்கை அதோடு இணைக்கும் இன்டர்ஃபேஸும் மைக்கும் ஓடிவிடும். ஃபேன் மட்டும் கிடையாது. ஆயா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே மூன்று டேக் கொடுத்தார். மூன்றாவதைத்தான் எடுத்துக்கொண்டோம்.

அந்தப் பாட்டு போகிற போக்கைச் சொல்ல வேண்டும். முக்கால்வாசிப் பாட்டும் ஊர் ஊராகப் பேர் சொல்லி அம்மனைக் கூப்பிடுவது. தொண்டை திறந்து, கணீரென்று. கடைசி இரண்டு வரியில் அம்மன் வீட்டுக்குள் வந்துவிடுகிறாள். அம்மை போட்ட பிள்ளையின் உடம்பைக் குளிர வை என்று கேட்கிற இடம். அங்கே குரல் அப்படியே இறங்கிவிடும். திரையில் பார்த்தால் அதுவரை தடித்துக் கிடந்த வேவ்ஃபார்ம் அங்கே நூலாகிவிட்டது.

ராத்திரி மிக்ஸிங்கில் உட்கார்ந்தேன். 1176 என்பது 1967இல் வந்த கருவி, டிரான்ஸிஸ்டரால் வேலை செய்வது. ஒலி எகிறும்போது 20 மைக்ரோ விநாடியில்கூடப் பிடித்து அமுக்கிவிடும். நம் கையில் இருப்பது அதைப் பார்த்துச் செய்த பிளக்-இன் என்கிற மென்பொருள்தான் என்றாலும் குணம் அதே. எவ்வளவு கடுமையாக அமுக்குவது என்கிற ரேஷியோ 4, அமுக்கியதை விடும் ரிலீஸ் வேகம், இன்புட்டை மீட்டர் முள் பத்து டெசிபல் இறங்கும்வரை திருகினேன். கம்ப்ரெஸர் மெல்லிய ஒலியைத் தானாக உயர்த்தாது. உரத்ததை அமுக்கும், பிறகு நாம் அவுட்புட்டைத் தூக்கும்போது எல்லாமே சேர்ந்து மேலே வரும். அப்படித்தான் அந்த இரண்டு வரியும் முன்னால் வந்து நின்றன. வரிக்கு நடுவில் இருந்த மூச்சும் வார்த்தை அளவுக்குப் பெரிதாகிவிட்டது. அதையும் சொல்லிவிடுகிறேன், அன்றைக்கு ராத்திரி எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. குரல் முகத்துக்கு நேரே இருந்தது.

மறுநாள் ஆயா வந்து ஹெட்போனில் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்டார். கடைசி வரிகள் வந்தபோது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அப்போது கேட்டதுதான் அந்தக் கேள்வி.

"செல்போன்ல கேக்கணும், குழாய் ஸ்பீக்கர்ல கேக்கணும் ஆயா. இல்லைன்னா அந்த வரி யாரு காதுலயும் விழாது" என்றேன்.

"அம்மா வந்த வீட்டுல யாரு கண்ணு சத்தமாப் பேசுவாங்க?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே, "சரி, உனக்குத் தெரியாததா. நல்லாத்தான் இருக்குது" என்று ஹெட்போனைக் கழற்றி, ஒயரைச் சுற்றி மேஜையில் வைத்துவிட்டார்.

அந்த 'தான்' என்னை விடவில்லை. நல்லா இருக்குது என்று சொல்லியிருந்தால் நானும் அடுத்த வேலைக்குப் போயிருப்பேன்.

நான் சொன்னதில் பொய் இல்லை. கம்ப்ரெஸர் போடாத மிக்ஸைப் பழைய பஸ் ஸ்டாண்டில் நின்று செல்போனில் போட்டுப் பார்த்தேன். பாட்டு பாதியில் நின்றுவிட்டது போல இருந்தது. ஆடியில் சேலத்தில் தெருவுக்குத் தெரு ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். அத்தனை சத்தத்துக்கு நடுவில் ஆயாவின் இரண்டு வரியும் தெளிவாகக் கேட்டன. கூழ் வாங்க வரிசையில் நின்ற அம்மா ஒருவர் கூடவே முணுமுணுத்ததை நானே பார்த்தேன். அமுக்காமல் விட்டிருந்தால் அவருக்கு அந்த வரி போய்ச் சேர்ந்திருக்குமா?

ஆனால் சேர வேண்டியது வார்த்தை மட்டும்தானா என்று அடுத்த கேள்வி வந்துவிடுகிறது. அம்மை போட்ட வீட்டில் வேப்பிலை கட்டி, தாளிக்காமல், அடக்கமாகப் பேசுவார்கள். எங்கள் வீட்டிலும் பார்த்திருக்கிறேன். அந்த அடக்கம்தான் பாட்டின் அந்த இடம். அதை நான் பத்து டெசிபலில் அழித்தேன்.

திருவிழா முடிந்த பிறகு, யாரும் கேட்காமலே, அதே டேக்கை எடுத்து மறுபடி மிக்ஸ் செய்தேன். முதலில் அந்த இரண்டு வரியை மட்டும் கையால் ஆறு டெசிபல் தூக்கினேன். அதற்குமேல் எல்ஏ-2ஏ வகைக் கம்ப்ரெஸர். அதற்குள் ஒரு விளக்கும் வெளிச்சத்தைப் பார்க்கும் ஒரு செல்லும் இருக்கும். ஒலி ஏறினால் விளக்கு பிரகாசிக்கும், குரல் அமுங்கும். விடும்போது பாதியைச் சுமார் 60 மில்லி விநாடியில் விட்டுவிட்டு, மீதியைச் சில விநாடிகள் எடுத்துக்கொண்டு மெல்ல விடும். மூன்று டெசிபலுக்குமேல் அமுக்கவில்லை. குரல் இறங்குகிறது, ஆனாலும் செல்போனில் கேட்கிறது. மூச்சு மூச்சளவிலேயே இருக்கிறது.

அரை மணி நேர வேலை. முதல் தடவையே செய்திருக்கலாம். நேரமில்லை என்று எனக்கு நானே கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டேன். இருந்தது. திருவிழாவுக்கு இன்னும் இரண்டு ராத்திரி பாக்கி இருந்தது. வாய்ஸ் டிராக்கைத் திறந்தவுடன் கை நான் சேமித்து வைத்திருக்கும் 1176 ப்ரீஸெட்டுக்குத்தான் போகிறது, பாடுகிறவர் யார், எதைப் பாடுகிறார் என்று பார்ப்பதற்கு முன்பே. பிடித்த கருவி என்று நாம் சொல்வதில் பாதி கைப்பழக்கம் என்று இப்போது தோன்றுகிறது. அதற்காக 1176ஐ விட்டுவிட்டேனா என்றால், இல்லை. போன வாரம்கூட ஒரு பையனின் ராப்புக்கு அதைத்தான் போட்டேன், வேறு எதுவும் பொருந்தியிருக்காது.

இரண்டாவது மிக்ஸை இன்னும் பேரனுக்கு அனுப்பவில்லை. பழையது எல்லார் போனிலும் இருக்கிறது. இப்போது போய் இதுதான் சரி என்று எப்படிக் கொடுப்பது?

இந்த ஆடியில் ஆயாவையே மைக் முன்னால் உட்கார வைத்தார்கள். மிக்ஸரில் நான் இருந்தேன். கடைசி இரண்டு வரி வந்தது. அவர் குரலை இறக்கவில்லை. உரக்கவே பாடி முடித்தார். கூட்டத்துக்காக அப்படிப் பாடினாரா, இல்லை ஒரு வருஷமாக எல்லாரும் போட்டுக் கேட்ட என் பதிவு அவர் தொண்டையில் ஏறிவிட்டதா, கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. விரல் ஒலியை ஏற்றி இறக்கும் ஃபேடரில்தான் இருந்தது. அந்த இடத்தில் கொஞ்சம் இறக்கலாமா என்று நினைத்தேன். இறக்கவில்லை.