ஏழு வார்ப்பு ஆச்சு, பிளை ஓரம் இன்னும் வீங்கவில்லை

ஏழாவது கான்கிரீட் பெஞ்சுப் பலகையையும் அச்சிலிருந்து பிரித்தாயிற்று. 18 மி.மீ. பிளையில் செய்த அச்சின் ஓரத்தில் வெர்னியர் (கனம் அளக்கும் கருவி) வைத்தால் 18.1 மி.மீ. முந்தைய அச்சு மூன்றாவது வார்ப்பிலேயே 19.6க்கு உப்பி, கான்கிரீட் விளிம்பு நெடுக ஒரு பள்ளக் கோட்டைப் பதித்துவிட்டது. இரண்டும் ஒரே ஷீட்டில் அறுத்த, ஃபிலிம் ஒட்டிய, கான்கிரீட் வார்ப்புக்கான ஷட்டரிங் பிளைதான். வெட்டுவாயை, அதாவது அறுத்த ஓரத்தை, மூடிய விதமும் மூலையைச் சேர்த்த விதமும்தான் வேறு.

பலகை 4 அடி நீளம், 15 அங்குல அகலம், 2½ அங்குல கனம். சிமென்ட், மணல், ஜல்லி 1:1½:3 கலவை, 12 மி.மீ. ஜல்லி. ஒன்றுக்குச் சிமென்ட் ஏறத்தாழ 12 கிலோ.

ஃபிலிம் என்பது பீனாலிக் பிசின் ஊறிய தாள். அது கிழியாதவரை முகம் வழியே தண்ணீர் இறங்காது. ஓரத்துக்குக் கம்பெனியில் பெயின்ட் அடித்துத்தான் வரும், ஆனால் நாம் அறுக்கும் இடத்தில் பூச்சில்லாத மரம் வெளியே வந்துவிடும். அடுக்குகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால், எந்தப் பக்கம் அறுத்தாலும் ஏறத்தாழ பாதி அடுக்கு நார்வாயை, அதாவது நாரின் வெட்டு முனையை, காட்டும். தண்ணீரைக் குடிப்பது அந்த வாய்தான். நல்ல பிளையில் ஒட்டு விடாது, மரம் மட்டும் உப்பும். சூட்டிலும் அழுத்தத்திலும் நசுக்கிய மரம் என்பதால் காய்ந்த பிறகும் பழைய கனத்துக்கு முழுதாகத் திரும்பாது. உப்பிய ஓரத்தை இழைத்துச் சரிசெய்ய நினைத்தால் ஃபிலிமும் சேர்ந்து போய்விடும்.

அறுக்க 7¼ அங்குல சர்குலர் சா, 60 பல் டிசிடி (பல் நுனியில் டங்ஸ்டன் கார்பைடு வைத்த) பிளேடு. பல் கீழிருந்து மேலே ஏறுவதால் மேல்முகம்தான் சிதறும்; கான்கிரீட் படும் முகம் கீழே இருக்கட்டும். மழுங்கிய பிளேடு ஓரத்தைக் கருக்கிவிடும், கருகிய இடத்தில் எபாக்சி (வெட்டுவாயை மூடத் தடவும் இரண்டு பாகப் பிசின்) ஊறாது.

அறுத்த அன்றைக்கே மூட வேண்டும். 120 நம்பர் உப்புத்தாள் போட்டுத் தூசியை ஊதிவிட்டு, உள் அடுக்கில் இடைவெளி தெரிந்தால் எபாக்சி புட்டியால் அடைக்க வேண்டும். தண்ணீரில் கரையும் மரப் புட்டி இங்கே உதவாது. முதல் கோட் கிளியர் எபாக்சியில் பத்தில் ஒரு பங்கு தின்னர் சேர்த்தது. அது பூச்சாக நிற்கக் கூடாது, உள்ளே இறங்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் மங்கிப்போன இடத்தில் மறுபடி தடவ வேண்டும். அடுத்த இரண்டு கோட் தின்னர் இல்லாமல்.

செங்கோட்டைச் சாரலில்தான் இது சோதிக்கும். ஈரக் காற்றில் எபாக்சியின் மேல் மெழுகு போல ஒரு படலம் படரும். அதன்மேல் அடுத்த கோட் அடித்தால் தோலாக உரியும். வெந்நீர்த் துணியால் துடைத்து, காயவைத்து, உப்புத்தாள் போட்ட பிறகே அடுத்த கோட். பியூ (பாலியூரித்தேன்) கிளியர் இன்னும் மோசம். ஈரத்தோடு சேர்ந்து நுரைத்து, ஊசி ஊசியாகத் துளை விட்டுவிடும். ஆனி, ஆடியில் பியூ பக்கமே போகாதீர்கள். போல்ட் துளைகளையும் மறக்கக் கூடாது, உள்சுவரில் பஞ்சுக் குச்சியால் எபாக்சி தடவ வேண்டும்.

மூலை விஷயம்: பழைய அச்சில் பக்கச் சட்டங்கள் அடிப்பலகையின் ஓரத்தை அணைத்து நின்றன. சிமென்ட் பால் நேராக அந்த வெட்டுவாயில் இறங்கியது. இப்போது அடிப்பலகை நாலு பக்கமும் 3 அங்குலம் பெரிது. சட்டங்கள் அதன் ஃபிலிமின் மேலேயே உட்கார்கின்றன. உள்மூலையில் மெல்லிய சிலிக்கான் கோடு. அடிப்பலகையின் வெட்டுவாய் கான்கிரீட்டைப் பார்ப்பதே இல்லை. பாதி வெற்றி இதில்தான்.

கான்கிரீட் ஒட்டாமலிருக்க அச்சில் தடவப் பழைய என்ஜின் ஆயில் வேண்டவே வேண்டாம், கறை போகாது. தேங்காய் எண்ணெய் நன்றாகவே விடுகிறது, ஆனால் துணியால் துடைத்து எடுத்த பிறகு மிஞ்சும் மினுமினுப்பு போதும். கூடினால் மேற்பரப்பு இறுகாமல் மாவாக உதிரும். பக்கச் சட்டங்களை 24 மணி நேரம் கழித்துக் கழற்றலாம், பலகையைத் தூக்க மூன்று நாள். கடப்பாரை கூடாது, மர ஆப்பு. ஒட்டிய சிமென்டைக் கதம்பையால் (தேங்காய் மட்டை நாரால்) தேய்த்தாலே வந்துவிடும்; கம்பி பிரஷ் ஃபிலிமைக் கீறிவிடும்.

வாங்கும் இடம் பற்றி: கேரளத்தின் பெரும்பாவூரில் செய்யும் பிளை புனலூர், ஆரியங்காவு வழியாக இங்கே எளிதாக வருகிறது, உள்ளே பெரும்பாலும் ரப்பர் மரம். கடையில் எடையைச் சொல்லியே விற்பார்கள். அதை மட்டும் நம்ப முடியாது. ஷட்டரிங் பிளைக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 4990 முத்திரையைப் பாருங்கள், நாணயத்தால் முகம் முழுக்கத் தட்டி வெற்று ஓசை வரும் இடத்தைக் குறியுங்கள். முடிந்தால் நாலு அங்குலத் துண்டை எட்டு மணி நேரம் கொதிக்க வையுங்கள். அடுக்கு பிரிந்தால் அந்தக் கடைக்கு இனி போக வேண்டாம்.

அடுத்தது கிணற்று மூடி, 4 அடி விட்டம், இரண்டு பாதியாக. வளைந்த பக்கத்துக்கு 18 மி.மீ. வளையாது, 4 மி.மீ. பிளையை இரண்டு அடுக்காக வளைத்துப் பார்க்கலாம், ஆனால் அதில் ஃபிலிம் இல்லை, முகத்துக்கும் எபாக்சிதான். அதற்குள் இந்த அச்சில் இன்னும் மூன்று பலகை பாக்கி. எட்டாவதுக்குக் கம்பி கட்டியாயிற்று, சாரல் ஒரு நாள் விட்டால் போதும்.