கோணல் வரிசையும் அந்த அக்காவும்

போன வாரம் ஒரு வீடு கட்டுற எடத்துக்கு வாலண்டியரா போனேன், நமக்கு கலவை கலக்கவே தெரியாது, ஆனா அந்த வீட்டுக்கு குடிவரப்போற அக்காவே பக்கத்துல நின்னு மணல் சலிச்சு குடுத்தாங்க, இதுக்கு முன்னாடி அடுத்தவங்க வீட்டுக்கும் இப்படி உழைச்சிருக்காங்களாம். இந்த வேலைய நடத்துற ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டிங்கிற, வசதி இல்லாதவங்களுக்கு வீடு கட்டித் தர்ற தொண்டு அமைப்ப 1976ல ஆரம்பிச்சப்பவே இதான் ஐடியா: வீடு இனாம் இல்ல, லாபமும் வட்டியும் இல்லாம குடுத்துட்டு, திரும்பி வர்ற தவணைப் பணத்த அடுத்த வீட்டுக்கு போடுறது. (1984ல ஜிம்மி கார்ட்டரே சுத்தியலோட இறங்கிட்டாரு, முன்னாள் அமெரிக்க அதிபர்!) எனக்கு பிடிச்சதே அந்த இனாம் இல்லங்கிற விஷயம்தான். நான் வச்ச செங்கல் வரிசை கோணலா போச்சு, மேஸ்திரி சிரிச்சுட்டே பிரிக்க சொன்னாரு. அக்கா மட்டும் "என் வீடு தம்பி, நேரா வையி"ன்னாங்க.