கடன் கொடுத்தவர்களைச் சம்மதிக்க வைத்தவர்

சட்டம் படித்தவர் நீதிமன்றப் படி ஏறவில்லை என்றால் படிப்பு வீணாகிவிட்டது என்று நம் வீடுகளில் இன்னமும் பேசிக்கொள்கிறார்கள். கம்பெனிகளுக்கு ஒப்பந்தம் எழுதித் தருகிறவரை வக்கீல் என்று ஒப்புக்கொள்ளவே பலருக்கு மனம் வருவதில்லை. அவர் அதையும் விட்டுவிட்டு முதலீட்டுத் துறைக்குப் போய்விட்டால் கேட்கவே வேண்டாம். உலக வங்கியின் தலைவராக இருந்த ஜேம்ஸ் வுல்ஃபென்சனின் வாழ்க்கையைப் படிக்கும்போது எனக்கு அந்தப் பேச்சு எவ்வளவு தவறானது என்றே தோன்றுகிறது. அவர் வழக்கறிஞராக இருந்தது சில ஆண்டுகளே என்றாலும், பிறகு செய்த பெரிய காரியங்கள் எல்லாவற்றிலும் அந்த வழக்கறிஞரின் கை தெரிகிறது.

இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த யூதக் குடும்பத்தில், 1933ஆம் ஆண்டு சிட்னியில் பிறந்தவர் அவர். சிட்னி பல்கலைக்கழகத்தில் சட்டம் முடித்து, அந்நகரின் பழைய சட்ட நிறுவனங்களுள் ஒன்றான ஆலன் ஆலன் அண்ட் ஹெம்ஸ்லியில் சேர்ந்தார். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவுக்காக வாள்வீச்சிலும் கலந்துகொண்டார். 1959இல் ஹார்வர்டில் வணிக நிர்வாகப் பட்டம் பெற்றபின் முதலீட்டு வங்கித் துறைக்குள் நுழைந்து, லண்டனிலும் நியூயார்க்கிலும் ஷ்ரோடர்ஸ் வங்கியில் உயர்ந்தார். அங்கே தலைமைப் பதவி கைக்கு எட்டாமல் போகவே, எழுபதுகளின் இறுதியில் நியூயார்க்கின் சாலமன் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு மாறினார்.

அப்போது வந்ததுதான் கிறைஸ்லர் விவகாரம். 1979இல் அந்தக் கார் நிறுவனம் திவாலின் விளிம்பில் நின்றது. அதற்கு ஆலோசகராக இருந்த சாலமன் பிரதர்ஸில் அந்தப் பொறுப்பில் முன்நின்றவர் வுல்ஃபென்சன். 1980 ஜனவரியில் நிறைவேறிய சட்டத்தின்படி 150 கோடி டாலர் வரையிலான கடனுக்கு அமெரிக்க அரசு உத்தரவாதம் தர முன்வந்தது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது: தொழிலாளர்களும் உதிரிபாகம் தருகிறவர்களும் ஏற்கெனவே கடன் கொடுத்திருந்த வங்கிகளும் தத்தம் பங்குக்கு விட்டுக்கொடுத்தால்தான் அந்த உத்தரவாதம் கிடைக்கும். வங்கிகளோ நானூறு, பல நாடுகளில் சிதறிக் கிடந்தன. பெரிய வங்கி தன் வட்டியைக் குறைத்துக்கொண்டால் அதன் பலன் சிறிய வங்கிக்குப் போய்ச் சேரும் என்பதால், ஒவ்வொருவரும் அடுத்தவர் முதலில் கையெழுத்திடட்டும் என்று காத்திருந்தார்கள். இல்லினாய் மாநிலத்தின் ராக்ஃபோர்ட் நகரில் இருந்த ஒரு சிறிய வங்கி, மொத்தக் கடனில் துளியளவே தன் பங்கு என்றபோதும், கடைசி வரை முரண்டு பிடித்தது. வங்கி வங்கியாக அலைந்து பேசிய பெருமை கிறைஸ்லரின் சொந்த நிதி அதிகாரிகளுக்கே அதிகம் உரியது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அரசின் உத்தரவாதத்தோடு வாங்கிய 120 கோடி டாலரை 1983லேயே, கெடுவுக்குப் பல ஆண்டுகள் முன்னதாக, நிறுவனம் திருப்பிச் செலுத்திவிட்டது.

அதே 1980இல் அவர் அமெரிக்கக் குடிமகன் ஆனார். உலக வங்கியின் தலைவர் பதவி காலியாகவிருந்தது. அதற்கு அமெரிக்கரைத்தான் நியமிப்பது எழுதப்படாத மரபு. பதவி அப்போது வேறொருவருக்குப் போயிற்று. வேறொரு நாட்டின் குடியுரிமையை விரும்பிப் பெறுபவர் தன் குடியுரிமையைத் தானாகவே இழப்பார் என்று ஆஸ்திரேலியச் சட்டம் 2002 வரை சொல்லிவந்ததால், கிடைக்காத ஒரு வேலைக்காக அவர் பிறந்த நாட்டின் கடவுச்சீட்டைத் தொலைத்திருந்தார். 2010இல்தான் அது அவருக்குத் திரும்பக் கிடைத்தது. பிழைக்கப்போன நாட்டில் குடியுரிமை பெறுவதா வேண்டாமா என்று வருடக்கணக்கில் யோசிக்கும் நம்மவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரியும்.

1981இல் சொந்தமாக ஆலோசனை நிறுவனம் தொடங்கினார். பின்னாளில் அமெரிக்க மத்திய வங்கியின் முன்னாள் தலைவர் பால் வோல்க்கரும் அதில் சேர்ந்தார். கொடைப் பணிகளும் அதனுடனேயே நடந்தன. 1980 முதல் 1991 வரை நியூயார்க்கின் கார்னெகி ஹாலின் தலைவராக இருந்து, பழுதடைந்திருந்த அந்த இசை அரங்கைப் புதுப்பிக்க நிதி திரட்டினார். 1986 டிசம்பரில் அரங்கு மீண்டும் திறக்கப்பட்டது. நாற்பது வயதைக் கடந்தபின் புகழ்பெற்ற இசைக்கலைஞர் ஜாக்குலின் டு ப்ரேயிடம் செல்லோ என்ற நரம்பிசைக் கருவியைக் கற்று, தன் ஐம்பதாவது பிறந்த நாளில் அங்கேயே வாசித்தும் இருக்கிறார்.

1995 ஜூனில் உலக வங்கித் தலைவரானார். உலக வங்கி கடன் கொடுக்கும் நிறுவனமே ஒழிய அறக்கட்டளை அல்ல. ஆயினும் அவர் அங்கே செய்த இரண்டு காரியங்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. வங்கியின் ஸ்தாபன ஒப்பந்தம் உறுப்பு நாடுகளின் அரசியலில் தலையிடக் கூடாது என்கிறது. ஊழல் என்பது அரசியல் விவகாரம், ஆகவே அந்தச் சொல்லை உச்சரிக்கவே கூடாது என்று வங்கிக்குள் அவருக்கு அறிவுரை கூறப்பட்டது. அவர் ஒப்பந்தத்தைத் திருத்தச் சொல்லிக் கேட்கவில்லை. ஏழைக்குப் போகவேண்டிய பணத்தை உறிஞ்சுவதால் ஊழல் ஒரு பொருளாதார விவகாரமே என்று வகைப்படுத்தி, 1996 ஆண்டுக் கூட்டத்தில் அதைப் புற்றுநோய் என்று வெளிப்படையாகப் பேசினார். விதியைத் தொடாமல், வழக்கை அந்த விதியின் பிடிக்கு வெளியே கொண்டுபோகும் இந்த வித்தையை நல்ல வழக்கறிஞர் எவரும் ரசிப்பார்.

மற்றொன்று, அதே ஆண்டு தொடங்கிய, பெருங்கடனில் மூழ்கிய ஏழை நாடுகளுக்கான நிவாரணத் திட்டம். அதுவரை உலக வங்கியும் பன்னாட்டு நாணய நிதியமும் தாங்கள் கொடுத்த கடனில் ஒரு காசும் குறைத்துக்கொள்வதில்லை என்பதே நடைமுறை. இம்முறை அவையும் மற்றவர்களோடு சேர்ந்து விட்டுக்கொடுத்தன. 1998இல் அதன் முழுப் பயனை முதலில் பெற்ற நாடு உகாண்டா. கடனாளி ஒருவர், கொடுத்தவர்கள் பலர், எல்லோரும் சேர்ந்து இறங்கி வரவேண்டும் என்ற அந்த அமைப்பு கிறைஸ்லரை எனக்கு நினைவூட்டுகிறது. ஆனால் அவர் வங்கிக்குள் செய்த நிர்வாக மாற்றங்களை நான் அவ்வளவாக மெச்சமாட்டேன். அவை செலவு பிடித்தவை, ஊழியர்களைச் சோர்வடையச் செய்தவை என்ற குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது. சென்னையில் வங்கியின் கணக்கு வேலைகளுக்கான அலுவலகம் 2001இல் வந்ததும் அவர் காலத்தில்தான்.

2005இல் வங்கியை விட்டதும், இஸ்ரேல் காசாவிலிருந்து வெளியேறுவதை ஒட்டி அமெரிக்கா, ரஷ்யா, ஐரோப்பிய ஒன்றியம், ஐ.நா. ஆகியவை சேர்ந்த நால்வர் குழுவின் சிறப்புத் தூதரானார். இஸ்ரேலியக் குடியேறிகள் விட்டுச்செல்லும் பசுமைக்குடில்களைப் பாலஸ்தீனர்களுக்காக வாங்க 1.4 கோடி டாலர் திரட்டினார். அதில் 5 லட்சம் அவருடைய சொந்தப் பணம். குடில்களில் ஒரு பகுதி சூறையாடப்பட்டது. எஞ்சியவற்றைச் சீர்செய்து அறுவடை செய்தபோது, சரக்கு வெளியேற வேண்டிய கர்னி எல்லைக் கடவு பெரும்பாலும் மூடப்பட்டிருந்ததால் விளைச்சல் அழுகிப்போயிற்று. முதலில் நாளொன்றுக்கு 150 லாரிகள், 2006 இறுதிக்குள் நாளொன்றுக்கு 400 லாரிகள் என்று 2005 நவம்பர் உடன்பாட்டில் எண்ணிக்கை வரை எழுதியிருந்தார்கள். கடவை மூடினால் மூடியவருக்கு என்ன நேரும் என்பதற்கு வலுவான விதி எதுவும் அதில் இல்லை. கிறைஸ்லரின் வங்கிகளை இறங்கிவரச் செய்ததற்குப் பின்னால் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இருந்தது. கர்னியில் அவருக்குப் பின்னால் அப்படி எதுவும் இல்லை. 2006 ஏப்ரல் இறுதியில் அவர் அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார்.