அலை எங்கே உடைகிறது என்று பாருங்கள்

மதுரையிலிருந்து தங்கை ஒரு படம் அனுப்பியிருந்தாள். கரும்பாறைகள்மேல் வெண்ணுரை சிதறும் கடல். “அண்ணே, காலாண்டு லீவுக்கு வர்றோம். முதல் நாளே பிள்ளைகளை இங்கதான் கூட்டிட்டுப் போகணும்.”

அது மொரீஷியஸின் தெற்கு முனையில், சூய்யாக் ஊரை ஒட்டிய கிரி கிரி. நின்று பார்க்க அவ்வளவு அழகான இடம். ஆனால் ஆறு வயதுப் பையனையும் இரண்டு வயதுப் பெண்ணையும் அங்கே தண்ணீரில் இறக்கவே கூடாது.

நாங்கள் காத்ர் போர்னில் குடியேறிய புதிதில் வீட்டுக்கார அம்மா எனக்குச் சொன்னதைத்தான் அவளுக்கும் எழுதினேன். அவர் இந்த ஊர்த் தமிழர். கோயிலில் தேவாரம் பாடுவார், பேசுவதெல்லாம் இந்தத் தீவின் கிரியோல் மொழி. கடற்கரைக்குப் போகிறோம் என்றால் அவர் கேட்கும் முதல் கேள்வி, “பிரிசான் எங்கே இருக்கு?” பிரிசான் என்றால் அலை உடையும் வெள்ளைக் கோடு. இந்தத் தீவை ஏறக்குறைய முழுவதும் பவளத்திட்டு சுற்றியிருக்கிறது. பெருங்கடலின் அலை அதில் மோதி உடைந்துவிடுவதால் உள்ளே இருக்கும் தண்ணீர் குளம்போல் கிடக்கும். வெள்ளைக் கோடு தொலைவில் தெரிந்தால் நல்லது. கிரி கிரியில் அந்த வேலி இல்லை. அலை நேராகக் கரைக்கே வருகிறது.

வேலி இருந்தாலும் போதாது என்பதை நான் பயந்து கற்றேன். மகளுக்கு நான்கு வயது. ஈல் ஓ செர்ஃப் தீவில் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றிருந்தாள். வெள்ளை மணல், கண்ணாடித் தண்ணீர். இரண்டே எட்டு வைத்தாள். “அப்பா, கால் எட்டல!” பக்கத்துத் தீவுக்கும் அதற்கும் நடுவே ஓடும் கால்வாயின் விளிம்பு அது. நீரோட்டம் அவளை இழுக்கத் தொடங்கியிருந்தது. கை கிடைத்தது, இழுத்துவிட்டேன். அன்று மாலை வரை என் கால் நடுக்கம் நிற்கவில்லை. இப்போதெல்லாம் எந்தக் கரையானாலும் பத்து நிமிடம் சவுக்கு நிழலில் நின்று நிறத்தைப் பார்க்கிறேன். வெளிர்நீலம் சட்டென்று கருநீலமாகும் இடத்துக்குப் பக்கத்தில் பிள்ளைகளை விடுவதில்லை.

அப்புறம் காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்கிழக்கிலிருந்து விடாமல் வீசும். அப்போது கிழக்கே பெல் மாரில் மணல் முகத்தில் அடிக்கும், தண்ணீரும் கலங்கியிருக்கும். அதே நாளில் வடமேற்கே மோன் ஷுவாசி அமைதியாக இருக்கும். நீளமான கரை, சவுக்கு நிழல், மெல்ல மெல்ல ஆழமாகும் தண்ணீர். தங்கைக்கு அதுதான் என் முதல் தேர்வு. ப்ளூ பே கடற்பூங்காவும் பிடிக்கும்; நீந்தும் பகுதியை மிதவை கட்டிப் பிரித்திருப்பதால் படகு குறுக்கே வராது. படகுகள் விருப்பம்போல் போய்வரும் கரைக்குச் சின்னப் பிள்ளைகளோடு நான் போவதே இல்லை.

சுத்தம் பற்றியும் கேட்டிருந்தாள். பெருமழை பெய்த மறுநாள் ஆறு கலக்கும் இடங்களை விட்டுவிடுங்கள். ஞாயிறு மாலை வேண்டாம், சனி காலை வாருங்கள். இந்த ஊர்க்காரர்கள் கடலை எவ்வளவு நேசிக்கிறார்கள் என்பதை 2020 ஆகஸ்டில் பார்த்தேன். பொயன்ட் தெனியில் தரைதட்டிய வாகாஷியோ கப்பலிலிருந்து எண்ணெய் கசிந்தபோது, பக்கத்து மாஹேபூர் ஊரில் கரும்புத் தோகையைத் துணியில் திணித்து, எண்ணெயைத் தடுக்க மிதவேலி தைத்தார்கள். நானும் இரண்டு நாள் தோகை சுமந்தேன். என் சட்டையில் அந்த நாற்றம் கடைசிவரை போகவில்லை. அதனாலேயே இங்கே ஒரு பால் பாக்கெட் மணலில் கிடந்தாலும் எனக்கு மனசு பொறுக்காது.

கடைசியாகச் செருப்பு. கல்மீனை இங்கே லாஃப் என்பார்கள். பாறைபோலவே அசையாமல் கிடக்கும், முதுகு முள்ளில் விஷம். மிதித்துவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், ஆம்புலன்ஸுக்கு 114. கடல் முள்ளெலியும் உண்டு. தடித்த ரப்பர் அடியுள்ள கடல் செருப்பு போடாமல் எங்கள் வீட்டில் யாரும் தண்ணீரில் இறங்குவதில்லை.

பிள்ளைகள் இருவருக்கும் இங்கேயே வாங்கி வைத்துவிடுகிறேன், பாத அளவை அனுப்பு என்று எழுதியிருக்கிறேன். சின்னவளின் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து படமெடுத்து அனுப்பியிருக்கிறாள். என் உள்ளங்கையில் பாதிகூட இல்லை.