சலாசிப் பள்ளத்தாக்கில் மிதிவண்டியில் ஒரு நாள்

ரியூனியன் தீவில் தமிழ் வம்சாவளியினர் நிறைந்து வாழும் சேன்-ஆந்த்ரே நகரிலிருந்து நானும் என் மைத்துனரும் விடியற்காலையில் மிதிவண்டியில் எல்பூர் என்னும் மலையூரை நோக்கிப் புறப்பட்டோம். கரும்புத் தோட்டங்கள் விரைவிலேயே முடிந்துவிட, மாட் ஆறு குடைந்த பள்ளத்தாக்கின் வழியே சாலை ஏறத் தொடங்கியது.

இருபுறமும் செங்குத்தாக எழும் பாறைச் சுவர்களிலிருந்து எண்ணற்ற அருவிகள் இறங்குகின்றன. ஓரிடத்தில் நீர் சாலையின்மீதே கொட்டுவதால், அங்கே வேகத்தைக் குறைத்து நனைந்தபடியே கடக்க வேண்டும். சலாசி ஊரை நெருங்கியதும் பந்தல் பந்தலாகச் சௌசௌக் கொடிகள். நம் சமையலறைக்கு வரும் காய் இத்தனை அழகான நிலத்தில் விளைகிறது என்பதைக் கண்டு உள்ளம் நெகிழ்ந்தேன். அதற்குமேல் ஏற்றம் கடுமையானது. குறைந்த கியரில், மூச்சின் அளவறிந்து மிதிப்பதே நல்லது.

ஏறத்தாழ 930 மீட்டர் உயரத்தில் உள்ள எல்பூர், ஒரு காலத்தில் வெந்நீர் ஊற்றுக்குப் பெயர்பெற்றிருந்தது. 1948ஆம் ஆண்டுப் புயல் அந்தக் குளியல் நிலையத்தை அழித்துவிட்டது. மரவேலைப்பாடு மிக்க பழைய வீடுகள் மட்டும் இன்றும் அழகு குன்றாமல் நிற்கின்றன. ஊருக்கு மேலே பெலூவ் காடு தொடங்குகிறது. அங்கே செல்லும் நடைபாதை செங்குத்தானது என்பதால் வண்டிகளை ஊரிலேயே நிறுத்திவிட்டு, காட்டின் விளிம்பு வரை நடந்து திரும்பினோம். பிற்பகலில் மேகம் இறங்கிச் சாலை ஈரமாகும் என்பதால், அதற்கு முன்பே இறங்கத் தொடங்கிவிடுவது பாதுகாப்பானது.